அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் என் வேலை எப்படித் தெரியும்?

செம்மண்சாலை:

வணக்கம். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பன்னிரண்டாவது வரை தமிழ்வழி, அரசுப் பள்ளி. 2023-இல் பி.இ. இ.சி.இ. முடித்தேன். சி.ஜி.பி.ஏ. 7.9, அரியர் கிடையாது.

போன மாதம் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் சர்வீஸ் கம்பெனிக்கு நாலு ரவுண்டு போனேன். ஆன்லைன் ஆப்டிடியூட், கோடிங், டெக்னிக்கல் மூன்றிலும் தேறினேன். டெக்னிக்கலில் ஒரு எஸ்.கியூ.எல். ஜாயினை, அதாவது இரண்டு டேபிள்களை இணைத்துத் தகவல் எடுக்கும் கட்டளையை, போர்டில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "குட்" என்று சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பினார்கள்.

நாலாவதாக ஹெச்.ஆர். ரவுண்டு, இருபது நிமிடம். அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சென்னையில் யார் வீட்டில் தங்குவாய், கல்யாணப் பேச்சு நடக்கிறதா. எல்லாம் ஆங்கிலத்தில். அப்பா விவசாயக் கூலி என்றேன். "ஓ, ஓகே" என்றார். படித்து முடித்த பிறகு என்ன செய்தாய் என்று ஒரு கேள்வி வந்தது. நான் பதிலைத் தொடங்கியபோது அவர் லேப்டாப்பில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாள் கழித்து மெயில் வந்தது. தற்போதைய தேவைக்குப் பொருந்தவில்லையாம்.

ஆறுதல் கேட்டு எழுதவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நீங்கள் உண்மையில் எதைப் பார்க்கிறீர்கள்? எதற்கு எவ்வளவு மார்க்? தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி தயாராவேன்.


நவம்பர்மழை:

தங்கச்சி, 11 வருடம் சென்னையில் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவள் நான். இப்போது வேறு துறை. அதனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல முடியும்.

ஆரம்பத்தில் யாரும் யாரையும் மதிப்பிடுவதில்லை, கழிக்கிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது, இத்தனை வருடத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று விதி வைப்பார்கள். 59 வாங்கியவருக்கு வேலை வராது என்று எங்களில் ஒருவர்கூட நம்பியதில்லை. ஃப்ரெஷர் வேலைக்கு விளம்பரம் கொடுத்தால் விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். எக்ஸெலில் ஒரு ஃபில்டர் போட்டால் குவியல் சின்னதாகிவிடும். செலவில்லாத வழி என்பதற்காகத்தான் அந்த 60.

அனுபவம் உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. நவுக்ரி வேலைத் தளத்தில் தேடும்போது யார் சமீபத்தில் புரொஃபைலைத் தொட்டிருக்கிறார்கள் என்ற வரிசையில் பார்ப்போம். ஐம்பது பேரைப் பார்த்ததில் பத்துப் பேர் தேறிவிட்டால் அத்தோடு நிறுத்திவிடுவோம். ஐம்பத்தோராவது ஆளை நாங்கள் நிராகரிக்கவில்லை, அவரை நாங்கள் பார்க்கவே இல்லை. விண்ணப்பங்களைக் கையாளும் ஏ.டி.எஸ். மென்பொருள் ரெஸ்யூமேயைத் தூக்கி எறிகிறது என்று பலரும் பயப்படுகிறார்கள். நான் வேலை பார்த்த இடங்களில் மென்பொருள் தானாகக் கழித்ததெல்லாம் படிவத்தில் டிக் போடும் பதில்களை வைத்துத்தான். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு, ஊர் மாறத் தயாரா, இவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாம் யார் கண்ணிலும் படாமல் போனவர்கள்.

இனி நீங்கள் கேட்ட ஹெச்.ஆர். ரவுண்டு. எங்கள் கையில் இருந்த படிவத்தில் கம்யூனிகேஷன், ஆட்டிட்யூட், கல்ச்சர் ஃபிட் என்று மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 5-க்கு மார்க். எது இருந்தால் 3, எது இருந்தால் 4 என்று எங்கும் எழுதியிருக்காது. அவரவர் மனசுக்குப் பட்டதைப் போட்டோம். நானும் அப்பா என்ன செய்கிறார் என்று நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டிருக்கிறேன். பேங்க் வேலை என்று சொன்னால் எந்தக் கிளை, எந்த ஊர் என்று பேச்சு தானாக ஓடும். கூலி வேலை என்றால் எனக்கு அடுத்த வார்த்தை வராது. பேச்சு சரளமாக ஓடியதற்கு 4 போட்டேன், தடுமாறியதற்கு 2 போட்டேன். தடுமாறியது நான். மார்க் குறைந்தது அந்தப் பிள்ளைக்கு. இது புரிய எனக்குப் பல வருடம் ஆனது. அப்படிப் போனவர்களிடம் இப்போது மன்னிப்புக்கூடக் கேட்க முடியாது.


கணபதி பட்டறை:

கோயம்புத்தூர் கணபதியில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் சி.என்.சி. லேத் மூன்று, வெட்டிக் குடையும் வி.எம்.சி. ஒன்று, மொத்தம் 14 பேர். பெரிய கம்பெனி நடைமுறை எனக்குத் தெரியாதுங்க. நான் ஆப்பரேட்டர் எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

முன்னெல்லாம் எதிரில் உட்கார வைத்துப் பேசுவேன். எத்தனை வருட அனுபவம், எந்தக் கன்ட்ரோலர் ஓட்டினாய், ஏன் அங்கிருந்து நின்றாய். நன்றாகப் பேசிய ஒருவரை எடுத்தேன். இரண்டாவது வாரம் ஒரே ஷிஃப்டில் 160 பீஸ் ஸ்கிராப். எல்லாம் 20 மைக்ரானில், அதாவது 0.02 மி.மீ.யில் போனது. அன்றிலிருந்து முறையை மாற்றிவிட்டேன்.

இப்போது வருகிறவர் கையில் ஒரு டிராயிங், ஒரு ஷாஃப்ட், ஒரு மைக்ரோமீட்டர் கொடுக்கிறேன். டிராயிங்கில் 20 எச்7 (சின்ன h) என்றிருக்கும். அதாவது 20 மி.மீ.க்கு மேலே போகக் கூடாது, கீழே 21 மைக்ரான் வரை இறங்கலாம். ஷாஃப்ட்டை 20.02 வருகிற மாதிரி நானே ஓட்டி வைத்திருப்பேன். "இது சரியா? இல்லைன்னா என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்பேன்.

சிலர் மைக்கை எடுத்ததும் நேராக ஷாஃப்ட்டில் வைத்துத் திருகுவார்கள். சிலர் முதலில் இரண்டு முகத்தையும் துணியால் துடைத்து, மூடிப் பார்த்து, ஸீரோ சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அளவுக்கு மேல் இறுகாமல் தடுக்கும் ராச்செட்டைப் பிடித்துத்தான் திருகுவார்கள். இரண்டு மூன்று இடத்தில் அளப்பார்கள். அந்த ஒரு நிமிடத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிடும். அப்புறம் பதில். "20 மைக்ரான் அதிகம், ஆஃப்செட்டில் மைனஸ் 0.02 போடுவேன்" என்று மெஷினில் அளவைத் திருத்தச் சொன்னால் பரவாயில்லை. போன வருடம் வந்த ஒரு பையன், ஐ.டி.ஐ. முடித்தவன், வாயே திறக்க மாட்டான். மெதுவாகச் சொன்னான்: "0.03 குறைக்கணுங்க. 20.00-ல நின்னா டூல் தேயத் தேய பீஸ் பெருசாகும். நடுவுல நிறுத்தினாத்தான் நிம்மதி. இந்தப் பீஸை ஸ்கிராப்ல போடாதீங்க, பெருசாத்தான இருக்குது, மறுபடி ஓட்டிக்கலாம்." அவனை அன்றைக்கே எடுத்துவிட்டேன். இன்றைக்கு நைட் ஷிஃப்ட் முழுக்க அவன் பொறுப்பு.

எல்லாருக்கும் அதே ஷாஃப்ட், அதே கேள்வி. அப்பா யார் என்று கேட்டதில்லை. தேவைப்பட்டதும் இல்லை.


பின்வரிசை:

பட்டறை அண்ணா சொன்னது அருமை. ஆனால் சாஃப்ட்வேர் வேறு மாதிரி. நான் ஒரு சர்வீஸ் கம்பெனியில் டீம் லீட், ஆறு வருடமாக பேனலில் உட்காருகிறேன். ஃப்ரெஷரிடம் இன்றைக்குத் தெரிந்ததைவிட நாளைக்கு எவ்வளவு கற்றுக்கொள்வார் என்பதுதான் முக்கியம். அதற்கு ஷாஃப்ட் கிடையாது. அப்புறம் கிளையன்ட் காலில் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும், அதைப் பார்க்காமல் எடுக்க முடியாது.

வீட்டு நிலவரம் கேட்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பதற்றத்தோடு வருகிற பிள்ளை கொஞ்சம் இளகட்டும் என்று கேட்பதுண்டு. மூன்று நாலு மாதம் பயிற்சி கொடுத்தபின் விட்டுப் போனால் டீமுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் தங்குவாரா என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.


வைகைக்கரை:

மதுரையில் எம்.பி.ஏ. மாணவர்களுக்குத் தொழில்சார் உளவியல் நடத்துகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை நூறு வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த விடைகள் ஆள் எடுக்கும் அறைக்குள் போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இருவர் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஆள் எடுக்கும்போது கொடுத்த மதிப்பெண்ணும், பிறகு அவர் வேலை செய்த விதமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார்கள். முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. வேலையின் ஒரு துண்டையே செய்துகாட்டச் சொல்வதற்கு 0.54 வந்தது. பட்டறைக்காரர் செய்வது அதுதான். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மார்க் போடும் நேர்காணலுக்கு 0.51. மனம் போனபடி பேசும் நேர்காணலுக்கு 0.38. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.18. கையெழுத்தை வைத்து ஆளைக் கணிப்பதற்கு 0.02.

2022-இல் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் அந்தக் கணக்கை மறுபடி பார்த்தார்கள். பழைய ஆய்வுகளில் செய்த சில திருத்தங்கள் எண்களை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டன என்றார்கள். புதிய கணக்கில் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று வரையறுத்த நேர்காணல் 0.42, வேலை அறிவுத் தேர்வு 0.40, வேலைத் துண்டு 0.33, பொது அறிவாற்றல் தேர்வு 0.31. மனம் போன நேர்காணல் 0.19-க்கு இறங்கிவிட்டது. மிகச் சிறந்த முறைகூடப் பாதியைத் தொடவில்லை. நேர்காணலில் ஒருவர் தேறவில்லை என்பது அவரைப் பற்றிய தீர்ப்பு ஆகாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். செம்மண்சாலை, இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்வரிசை சொன்ன "இளகட்டும்" விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2007-இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய கட்டுரையைப் படித்துப் பாருங்கள். டெல்லிப் பகுதியில் பெரிய நிறுவனங்களின் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசியிருக்கிறார்கள். தகுதி ஒன்றைத்தான் பார்ப்போம் என்று அவர்கள் மனதார நம்புகிறார்கள். அதே மூச்சில் குடும்பப் பின்னணி முக்கியம் என்கிறார்கள். அப்பா படித்தவரா, எந்த ஊர், வீட்டில் எப்படி வளர்த்தார்கள் என்பதையெல்லாம் பண்பின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். முரண் அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

அதே இதழில் சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரின் ஆய்வும் வந்தது. செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்து, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதி என்று தெரியும் பெயரோடு ஒப்பிட்டால், நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே இவ்வளவு கழிவு. அப்படியிருக்க, உள்ளே வந்து உட்கார்ந்தவரிடம் அப்பாவைக் கேட்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள்.

தங்குவாரா என்று தெரிய வேண்டுமா? "இந்த வேலையில் மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிஃப்ட் உண்டு, இரண்டு வருடம் இதே ஊர், உங்களுக்குச் சரிவருமா?" என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள். ஆண் பெண் எல்லாரிடமும் அதே கேள்வி. கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று எந்தப் பையனிடமாவது கேட்டிருக்கிறோமா?


மதியவெயில்:

இதையெல்லாம் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால் பாரபட்சம் போய்விடாதா சார்? இப்போது கேமரா முன்னால் உட்கார்ந்து பதிலைப் பதிவுசெய்யச் சொல்கிறார்கள். எதிரில் யாரும் இல்லை.


வைகைக்கரை:

போகாது. அமேசான் 2014 வாக்கில் அப்படி ஒரு கருவியைக் கட்டத் தொடங்கியது. பத்து வருடமாக வந்த ரெஸ்யூமேக்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அதில் பெரும்பாலும் ஆண்கள். கருவி அதையே பாடமாகக் கற்றுக்கொண்டது. ரெஸ்யூமேயில் மகளிர் என்ற சொல் வந்தால் மதிப்பைக் குறைத்தது. மகளிர் கல்லூரி இரண்டின் பட்டதாரிகளையும் கீழே தள்ளியது. அதைக் கைவிட்ட செய்தியை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. கல்லூரிப் பெயரிலேயே மகளிர் என்று வைத்திருக்கும் நம் மாநிலத்தில் அந்தக் கருவி என்ன செய்திருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. வீடியோ நேர்காணல் நடத்தும் ஹயர்வியூ நிறுவனமும் முகபாவத்தை அலசி மதிப்பிடும் பகுதியை விட்டுவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. பழைய தேர்வுகளைப் பார்த்துப் பழகும் இயந்திரம் பழைய பழக்கத்தைத்தான் வேகமாகச் செய்யும்.


செம்மண்சாலை:

எல்லாரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ரொம்ப நன்றி. அக்கா எழுதியதைப் படித்தபோது அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை இல்லை.

அவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சொல்ல வந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தபின் எங்கள் ஊர் பால் சொசைட்டியில் கணக்கு எழுதினேன். காலையும் மாலையும் ஒவ்வொருவர் பாலுக்கும் லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எழுத வேண்டும். அதை வைத்துத்தான் விலை. பட்டுவாடா நாளில் எப்போதும் தகராறு. தொகை ஒத்துப்போகாது. நான் எல்லா எண்களையும் எக்ஸெலில் ஏற்றி, பைத்தானில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒரே உறுப்பினர் எண் கொடுத்திருந்தார்கள். ஒரு உறுப்பினர் இறந்தபின் அவர் மகன் பெயரை ஏற்றியபோது நடந்த தவறு. ஒருவர் பால் இன்னொருவர் கணக்கில் ஏழு மாதம் போயிருந்தது. சரிசெய்தபின் தகராறு நின்றது. இது ப்ராஜெக்ட் ஆகுமா என்று தெரியாததால் ரெஸ்யூமேயில் போடவில்லை. காலேஜில் எல்லாரும் செய்த ஃபேஸ் ரெகக்னிஷனைத்தான் போட்டிருக்கிறேன்.


நவம்பர்மழை:

தங்கச்சி, அந்த ஃபேஸ் ரெகக்னிஷனை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு முப்பது ரெஸ்யூமேயில் அதைப் பார்த்திருக்கிறேன். பால் சொசைட்டியை முதலில் போடுங்கள். என்ன தகராறு, எத்தனை பேர் கணக்கு, எதை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள், அப்புறம் என்ன மாறியது. நாலு வரி போதும். 2023-லிருந்து எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று தேதியும் போடுங்கள். இடைவெளி என்று அவர்கள் நினைப்பது அங்கேயே அடைபட்டுவிடும். ஆங்கிலத்தில் இந்த ஒன்றை மட்டும் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் வேண்டாம். நடந்ததைச் சொல்வதால் வார்த்தை தானாக வரும்.

பேனலில் உட்காருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று. நேர்காணல் முடிந்ததும் எல்லாரும் கூடிப் பேசுவோம். மேனேஜர் முதலில் வாயைத் திறப்பார். "எனக்கு அவ்வளவு திருப்தியில்லை" என்பார். அவ்வளவுதான், மற்ற மூன்று பேரும் ஆமாம் என்பார்கள். ஒருமுறை என் தாளில் 4 போட்டிருந்தேன். அவர் பேசியதும் பேனாவால் அதை 3 ஆக்கினேன். என் கை செய்ததை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் ஒரு விதி கொண்டுவரப் போராடினேன். பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியாக மார்க்கையும் காரணத்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் கூட்டம். காரணம் என்ற இடத்தில் விண்ணப்பித்தவர் சொன்ன வார்த்தை இருக்க வேண்டும். "கான்ஃபிடன்ஸ் இல்லை" என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுப்போம். இரண்டே மாதத்தில் கூட்டத்தின் பேச்சே மாறியது. அதுவரை ஓரமாகப் போன சில பிள்ளைகள் மேலே வந்தார்கள்.


கணபதி பட்டறை:

சார், எனக்கு ஒரு சந்தேகம். மெஷினுக்குச் சரி. ஆபீசில் பில் போட்டு டிஸ்பாட்ச் பார்க்க ஒரு ஆள் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னும் நான் பழையபடி பேசித்தான் எடுக்கிறேன். என்ன செய்யலாம்?


வைகைக்கரை:

போன மாத டெலிவரி சலானும் அதற்கான பில்லும் ஒரு பத்து ஜோடி எடுங்கள். அதில் இரண்டு ஜோடியில் அளவையோ ஜி.எஸ்.டி. தொகையையோ நீங்களே மாற்றி வையுங்கள். அரை மணி நேரம் கொடுத்து, எது எது தவறு என்று கேளுங்கள். அப்புறம் "அவசர லோடு, டிரைவர் வாசலில் நிற்கிறார், பில்லில் தவறு, நான் போன் எடுக்கவில்லை, என்ன செய்வீர்கள்?" என்று எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள். எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்று அவர்கள் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். வந்தபின் எழுதினால் நமக்குப் பிடித்தவருக்குத் தகுந்தபடி அது வளைந்துவிடும்.


பின்வரிசை:

இரண்டு நாளாக யோசித்தேன். நான் சாஃப்ட்வேருக்கு ஷாஃப்ட் கிடையாது என்று எழுதியது தவறு. எங்களிடமே இருக்கிறது. போன வருடம் ஒரு ரிப்போர்ட்டில் ஒரே ஆர்டர் இரண்டு முறை எண்ணப்பட்டு வந்தது, ஜாயின் போட்ட இடத்தில் தப்பு. கிளையன்ட் விவரம் எதுவும் இல்லாமல் அதைப் போலவே சின்ன டேபிள்களும் நூறு வரி கோடும் புதிதாக எழுதியிருக்கிறேன். இதைக் கொடுத்து, எங்கே தவறு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கப் போகிறேன். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன். வேலை பார்த்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கும் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் அது பாரம். ஆபீசிலேயே 45 நிமிடம். கூகுள் பார்க்கலாம், நாங்களும் வேலையில் பார்க்கிறோம். கண்டுபிடித்த விதத்தைத் தமிழிலும் சொல்லலாம். ஆங்கிலத்துக்குக் கடைசியில் கிளையன்டுக்கு ஐந்து வரி மெயில், அதற்குத் தனி மார்க். மேனேஜரிடம் கேட்டேன், அடுத்த பேட்சில் பத்துப் பேருக்கு முயற்சி செய் என்றார்.

ஆனால் 45 நிமிடம் போதுமா, கேள்வி குழப்பமாக இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிய எனக்கு விடை தெரியும் என்பதால் எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. ஃப்ரெஷர் யாராவது செய்து பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.


செம்மண்சாலை:

நான் செய்து பார்க்கிறேன் அண்ணா. உறுப்பினர் எண் தகராறு மாதிரியே இருக்கிறது.


பின்வரிசை:

தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். எந்த வரி புரியவில்லை என்றாலும் அதை மட்டும் முதலில் எழுதுங்கள். விடையைவிட அதுதான் எனக்கு வேண்டும்.


செம்மண்சாலை:

வந்துவிட்டது. இப்போது மணி 8.10. தொடங்குகிறேன்.